20 வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்ட ஆசை. முதுகும் முட்டியும் வலிக்காத சைக்கிள் எது?

வயது 45, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, 15 ஆயிரத்துக்குள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார், சரியா? எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்டதற்கு நேரான பதில் இதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற, ஹேண்டில்பார் சீட்டை விடக் கொஞ்சம் உயரமாக இருக்கிற, சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கச் சக்கரத்தோடு வைக்கிற ஸ்பிரிங், எதுவும் இல்லாத சாதாரண சைக்கிள். கடையில் சிட்டி பைக் என்று கேளுங்கள். நடுவில் பார் இல்லாத லேடீஸ் மாடல் என்றால் இன்னும் நல்லது. முகம் சுளிக்காமல் மீதியையும் படியுங்கள்.

நான் வட சென்னை, தண்டையார்பேட்டை. கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. 2022இல், என் 51ஆவது வயதில், பாரிமுனைப் பக்கம் ஒரு பெரிய கடையில் போய் நின்றேன். என் அப்பா பி அண்ட் சி துணி மில்லுக்கு ஹெர்குலிஸ் வண்டியில் போய் வந்தவர். அந்த வண்டியில் குரங்கு பெடல் போட்டுத்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், சைக்கிளைப் பற்றித் தெரியாதவன் இல்லை. ஆனாலும் கடைப் பையன் டபுள் சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க் பிரேக், 21 கியர், கட்டை கட்டையாகப் புடைத்த டயர் என்று சொல்லச் சொல்ல, காலம் மாறிவிட்டது, இதுதான் இப்போது நல்லது போல என்று நம்பி 14,500 ரூபாய் கொடுத்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து பார்த்தீர்களா, ஒரு ரவுண்டு போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலை 5 மணிக்குக் கிளம்பி காசிமேடு வழியாகக் கடலோர ரோட்டில் திருவொற்றியூர் வரைக்கும் போய்த் திரும்புவேன். வெயில் ஏறினால், ஹார்பருக்குள் போகக் காத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகள் இடது பக்கம் முழுக்க அடைத்துக்கொள்ளும், சைக்கிள்காரன் நடு ரோட்டுக்குத்தான் வர வேண்டும். மூன்றாவது வாரத்தில் முட்டிச் சிப்பிக்கு முன்னால் வலி வந்தது. பிடரி இறுகிப் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இருப்பதே தெரியவில்லை, பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவி நழுவி வருகிறது. என் மனைவி பயந்து போய், பக்கவாதமோ என்று அப்படியே டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "புதுசா ஏதாவது செய்றீங்களா?" என்றார். சைக்கிள் என்றேன். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில் ஒரு நரம்பு போகிறதாம். குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் அங்கே இறங்கி அதை நசுக்குகிறது என்றார். அன்றோடு வண்டி மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கக் காசிமேடு போக என் அக்கா மகளின் சைக்கிளை எடுத்தேன். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவள் காலேஜ் போய்விட்டதால் சும்மாதான் நின்றது. வளைந்த ஹேண்டில், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு, முன்னால் கூடை. போய்த் திரும்பி வந்து இறங்கும்போதுதான் உறைத்தது, கையும் கழுத்தும் வலிக்கவே இல்லை. முட்டி மட்டும்தான் லேசாக முணுமுணுத்தது.

இரண்டு வண்டியையும் தள்ளிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பஞ்சர் கடை பாயிடம் போனேன். எழுபது வயசுக்காரர். என் புது வண்டியில் என்னை ஏறச் சொல்லிச் சுவரைப் பிடித்து நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வண்டி மேல படுத்துனு ஓட்டுறே? குந்திகினு ஓட்டு" என்றார். அப்புறம் அக்கா மகள் வண்டியில் உட்கார வைத்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடி வரைக்கும் இறக்கச் சொன்னார். என் முட்டி நன்றாக மடங்கியே இருந்தது. சீட்டுக் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். குதிகால் பெடலில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அப்போதுதான் முன்பாதம் வைத்து மிதிக்கும்போது முட்டி அளவாக மடங்கும். இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறோமே, முட்டியின் முன்பக்க வலி பெரும்பாலும் அதனால்தான். அந்தக் கம்பி உயரம் போதாமல் நீளமான சீட் பில்லர் போட்டார். அதில் செய்யும்போதே போட்ட ஒரு கோடு இருக்கும், அது ஃப்ரேமுக்கு வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது, கம்பி வளைந்துவிடும்.

புது வண்டியின் ஹேண்டிலை உயர்த்த முடியுமா என்று கேட்டேன். பழைய பாணி வண்டியில் கழுத்து போல்ட்டைத் தளர்த்தினால் ஓரிரு அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம், என்னுடையதில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் குழாயை வெட்டின அளவோடு சரி, ஏற்ற முடியாது. அதை 5,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். அக்கா மகள் வண்டிக்கு இரண்டு டயர், ட்யூப், பில்லர், முழு சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,000க்குள் முடிந்தது. மூன்று வருடத்துக்கு மேலாக அதில்தான் ஓட்டுகிறேன். விரல்கள் ஒன்றரை மாதத்தில் சரியாயின.

உங்கள் 15 ஆயிரத்தில் இதை விட நல்ல வண்டி வரும். டயர் 38லிருந்து 45 மில்லிமீட்டர் அகலம் பாருங்கள், கட்டை புடைத்த டயர் வேண்டாம், தார் ரோட்டில் அது இழுக்கத்தான் இழுக்கும். நம் ரோட்டுக் குழிகளுக்கு அகல டயரில் அளவான காற்றே போதும். விலை குறைந்த வண்டியில் வருகிற சஸ்பென்ஷன் வெறும் இரும்புச் சுமை. கியர் ஏழு இருந்தால் தாராளம், வட சென்னையில் மூலக்கடை, பேசின் பிரிட்ஜ் மாதிரி மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் எங்கே இருக்கிறது? மெத்தென்று இருக்கிற ஜெல் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். அதில் உடம்பு புதைந்து நடுவில்தான் அழுத்தும். வீட்டில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, காலைக் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்து எழுந்தால், உட்காரும்போது அழுந்துகிற இரண்டு எலும்பும் பதிந்த பள்ளம் தெரியும், சீட்டின் பின்பக்கம் அந்த இரண்டு பள்ளத்தையும் தாங்குகிற அகலம் இருக்க வேண்டும். லேடீஸ் மாடல் ஏன் என்றால், நம் வயதில் சிக்னலில் சட்டென்று இறங்கும்போது பாரைத் தாண்டிக் காலைத் தூக்க வேண்டாம், பின்னால் கேரியரில் மூட்டை இருந்தாலும் பிரச்சினை இல்லை.

ரேஸ் வண்டி ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று தடுக்கும், வேகம் வராது. உண்மைதான். தினம் 60, 70 கிலோமீட்டர் போகிறவர் குனிந்துதான் ஓட்டுவார், பழகின முதுகு அதைத் தாங்கும். 20 வருடம் நாற்காலியில் இருந்த முதுகைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். போன வருடம் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மண்டபத்துக்கு இந்த வண்டியில் போனேன். வெள்ளை வேட்டி, சட்டை, கூடையில் தாம்பூலப் பை. கார், பைக் எல்லாம் உள்ளே போகிறது, என்னை மட்டும் செக்யூரிட்டி நிறுத்தி, சைக்கிள் உள்ளே வராது, வெளியே இளநீர் மட்டை கொட்டியிருக்கிற இடத்தில் விடுங்கள் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மேனேஜர் சொன்னதைச் சொல்கிறார். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பக்கம் மீன் கூடை கட்டிக்கொண்டு, கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க சைக்கிள் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர்! லட்ச ரூபாய் வண்டியில் ஹெல்மெட்டோடு வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, கடல் பக்கம் வீடு என்றால் வாரம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்புக் காற்று ஒரே மாதத்தில் துரு ஏற்றிவிடும். முதல் இரண்டு வாரம் தினம் 3 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். வண்டி வாங்கினதும் வண்ணாரப்பேட்டை பக்கம் வர முடிந்தால் கமென்டில் சொல்லுங்கள், பாயிடம் கூட்டிப் போகிறேன். காலை 9 மணிக்கு மேல்தான் திறப்பார், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை இருக்காது.