ஹெக்டர் சிறுகோளைப் பார்க்க 12 அங்குலத் தொலைநோக்கி வாங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தைக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வானியல் மன்றத்திடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. வியாழன் சுற்றும் பாதையிலேயே சுற்றிவரும் ஹெக்டர் என்னும் கரிய சிறுகோளைப் பற்றிப் படித்ததிலிருந்து, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் 12 அங்குலத் தொலைநோக்கி வாங்கித்தர முன்வந்திருக்கிறார். அதில் ஹெக்டர் தெரியுமா? எப்போது, எங்கிருந்து பார்க்கலாம்? அவ்வளவு பெரிய வியாழன் அதை ஏன் இழுத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, நன்கொடையாளரிடம் 12 அங்குலக் கருவிக்கு இன்னும் ஒப்புதல் சொல்லிவிடவில்லை என்றால் சற்றுப் பொறுங்கள். அந்தத் தொகையை வேறு விதமாகச் செலவிட்டால், ஹெக்டரை ஒரு மங்கலான புள்ளியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, அதன் வடிவத்தையே உங்கள் மாணவர்கள் கணித்தறிய முடியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

ஹெக்டரை 1907 பிப்ரவரி 10 அன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் வானாய்வகத்தில் ஆகஸ்ட் கோப்ஃப் கண்டுபிடித்தார். வியாழனுக்கு 60 பாகை முன்னும் 60 பாகை பின்னும் அதன் பாதையிலேயே சூரியனைச் சுற்றும் சிறுகோள்களை டிரோஜன்கள் என்கிறோம். இன்று பதினாயிரத்துக்கும் மேல் அறியப்பட்டிருக்கும் இந்தக் கூட்டத்தில் மிகப் பெரியது ஹெக்டர்தான். முன்னே செல்பவற்றுக்கு டிராய்ப் போரின் கிரேக்க வீரர்களின் பெயர்களும், பின்னே வருபவற்றுக்கு டிராய் வீரர்களின் பெயர்களும் இடுவது என்ற வழக்கம் உறுதிப்படும் முன்பே பெயர் சூட்டப்பட்டுவிட்டதால், டிராய் நாட்டு இளவரசனான ஹெக்டர் கிரேக்கர் பாசறையில் நிற்கிறான். கௌரவர் பாசறையில் பீமன் நிற்பதைப் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

அதன் நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. கன்னியாகுமரியிலிருந்து சேலத்துக்கு நேர்கோடு இழுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளமுள்ள, நடுவில் இடுங்கிய ஒரு கட்டை என்று மனத்தில் கொள்ளலாம். இத்தனை பெரிதாக இருந்தும் அது மங்கித் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தொலைவு: நமக்கு மிக அருகில் வரும் காலத்திலும் அது 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. இரண்டாவது அதன் கருமை: தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கை மட்டுமே அது திருப்பி அனுப்புகிறது. கரிமப் பொருள் மிகுந்த, சற்றே செம்மை கலந்த கருநிறம் கொண்ட இவ்வகைச் சிறுகோள்களின் மேற்பரப்பு, அடுப்புக்கரியையும் வால்மீன்களின் கருவையும் ஒத்தது.

இனி உங்கள் தொலைநோக்கியின் கணக்குக்கு வருவோம். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனின் பொலிவெண் 6. ஹெக்டரின் பொலிவெண் மிகப் பிரகாசமான நாட்களிலும் 14 அளவில்தான் இருக்கிறது. பொலிவெண் ஐந்து கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், இந்த எட்டு எண் வேறுபாட்டின் பொருள் ஏறத்தாழ 1,600 மடங்கு மங்கல் என்பதாகும். இருட்டில் நம் கண்பாவை 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. 8 அங்குல ஆடியின் விட்டம் 203 மில்லிமீட்டர். ஆகவே ஆடி கண்ணைவிட 840 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. 1,600 தேவைப்படும் இடத்தில் கையில் இருப்பது 840. 12 அங்குல ஆடி ஏறத்தாழ 1,900 மடங்கு திரட்டும் என்பதால் தேவையைச் சற்றே தாண்டிவிடும்; ஆனால் கடற்காற்றின் ஈரமும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வெளிச்சமும் அந்தச் சிறு உபரியைத் தின்றுவிடும். அதையும் மீறித் தெரிந்தால் தெரிவது, பக்கத்து விண்மீன்களிலிருந்து எவ்வகையிலும் வேறுபடாத ஒரு புள்ளிதான். அத்தொலைவில் ஹெக்டரின் கோண அளவு 0.13 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை), 8 அங்குலக் கருவியால் பிரித்துக் காட்ட முடிவதோ 0.6 விகலை வரைதான். பள்ளிக்கூடம் வாங்கக்கூடிய எந்தத் தொலைநோக்கியிலும் அதன் வடிவத்தைக் கண்ணால் காண வழியில்லை.

ஆனால் கண்ணால் ஆகாததைக் கேமரா செய்யும், ஏனென்றால் கண்ணைப் போலன்றிக் கேமராவால் ஒளியைச் சேமித்து வைக்க முடியும். இதற்குத் தடையாக இருப்பது உங்கள் ஆடியின் அளவன்று, அதன் தாங்கி. டாப்சோனியன் தாங்கி கையால் தள்ளி நகர்த்தப்படுவது. பூமியின் சுழற்சியால் வானம் ஒரு விநாடிக்கு 15 விகலை நகர்ந்துகொண்டே இருப்பதால், அரை விநாடி ஒளிபதிவு செய்தாலே விண்மீன்கள் கோடுகளாகிவிடும். எனவே நன்கொடையாளரிடம் நான் கேட்கச் சொல்வது, வானத்தின் ஓட்டத்துக்கு ஈடாகத் தானே திரும்பும் மோட்டார் பொருத்திய உறுதியான நிலநடுவரைத் தாங்கி ஒன்று, அதில் ஏற்றுவதற்கு 6 அங்குலக் குறுங்குவிய எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்று, குளிரூட்டும் வசதி உள்ள கறுப்புவெள்ளை வானியல் கேமரா ஒன்று. பணம் குறைந்தால் கேமராவில் குறையுங்கள்; பள்ளியில் யாரிடமாவது உள்ள டிஎஸ்எல்ஆர் கூடப் போதும். தாங்கியில் மட்டும் குறைக்க வேண்டாம், ஏனென்றால் ஆடும் தாங்கியின்மேல் எத்தனை நல்ல ஆடியை வைத்தாலும் பயனில்லை.

இந்த அமைப்பில் 60 விநாடிப் படங்களை எடுத்து, ஐந்தைந்தாகச் சேர்த்தால் ஹெக்டர் தெளிவாகப் பதியும். எது ஹெக்டர் என்று கண்டுகொள்வதும் எளிது. நமக்கு நேராக வரும் காலத்தில் அது விண்மீன்களுக்கு நடுவே மணிக்கு 20 விகலை வீதம் மேற்கு நோக்கி நகரும். இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால், எல்லாம் அசையாமல் நிற்க ஒரு புள்ளி மட்டும் இடம் மாறும். அந்தக் கணத்தில் மாணவர்கள் எழுப்பும் ஓசையை நான் பல பள்ளிகளில் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது, என் மனம் முழுவதும் இருப்பது இதில்தான். ஹெக்டர் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 6 மணி 55 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நீண்ட கட்டை சுழலும்போது அதன் விலாப்பக்கம் நம்மை நோக்கி நிற்கையில் அதிக ஒளியும், முனை நம்மை நோக்கி நிற்கையில் குறைந்த ஒளியும் நமக்கு வந்து சேரும். ஆகவே ஒரு சுழற்சியில் இருமுறை ஒளிர்ந்து இருமுறை மங்கும். உச்சத்திலிருந்து தாழ்வுக்கு இறங்க ஒன்றேமுக்கால் மணி நேரம் போதும். சுழல் அச்சுக்குச் செங்குத்தாக நாம் பார்க்க நேரும் ஆண்டுகளில் இந்த வேறுபாடு ஒரு பொலிவெண்ணையும் தாண்டும், அதாவது ஒளி இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறி இறங்கும். அச்சின் வழியாகவே பார்க்க நேரும் ஆண்டுகளில் பத்தில் ஒரு பொலிவெண்ணாகச் சுருங்கிவிடும். எந்த நிலையில் பார்க்கிறோம் என்பது உங்கள் முதல் இரவின் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

அளவிடும் முறை, சந்தையில் எடைக்கல் வைத்து நிறுப்பது போன்றது. ஹெக்டர் விழுந்த அதே படத்தில் உள்ள மூன்று நான்கு விண்மீன்களை எடைக்கற்களாகக் கொண்டு, அவற்றோடு ஒப்பிட்டு ஹெக்டரின் ஒளியைக் கணக்கிட வேண்டும். மெல்லிய மேகம் கடந்தாலும் எல்லாம் ஒரே அளவில் மங்கும் என்பதால் விகிதம் மாறாது. அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இதைச் செய்துதரும். முதல் முறை மட்டும் வரைபடத் தாளில் மாணவர்கள் கையாலேயே புள்ளிகள் இட்டு வரையட்டும். கோடு தங்கள் கைக்குக் கீழே ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, யாரும் சொல்லாமலே ஹெக்டர் உருண்டையன்று என்பது புரிந்துவிடும். அதற்கு 12 கிலோமீட்டர் அளவில் ஸ்கமாண்ட்ரியோஸ் என்ற துணைக்கோள் ஒன்றும் உண்டு. 2006-இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் கண்டறியப்பட்ட அது நம் கருவிகளுக்கு எட்டாது.

எப்போது பார்ப்பது என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. சித்திரா பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் மக்கள் ஏன் கூடுகிறார்கள்? மேற்குக் கடலில் சூரியன் இறங்கும்போதே கிழக்குக் கடலில் நிலவு எழுவதைக் காண்பதற்காக. சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் இந்த நிலையைத்தான் எதிரமைவு என்கிறோம். எதிரமைவில் உள்ள கோள் இரவு முழுவதும் வானில் இருக்கும், நமக்கு மிக அருகிலும் இருக்கும். 2027 பிப்ரவரியில் எதிரமைவுக்கு வரும் வியாழன், அப்போது மகம் நட்சத்திரத்துக்குச் சற்று மேற்கே நிற்கும். அங்கிருந்து 60 பாகை, அதாவது இரண்டு ராசி முன்னே எண்ணினால் சித்திரை நட்சத்திரத்தின் அருகே வந்து சேருவோம். ஆகவே முன்னே செல்லும் கூட்டத்தின் மையம் ஏறத்தாழ 2027 ஏப்ரல் நடுவில், சித்திரா பௌர்ணமி நிலவு நிற்கும் அதே திசையில் எதிரமைவுக்கு வருகிறது. ஹெக்டர் தன் மையத்திலிருந்து முன்னும் பின்னும் ஊசலாடுவதாலும், அதன் பாதை 18 பாகை சாய்ந்திருப்பதாலும், சரியான இடத்தையும் நாளையும், சிறுகோள்களின் இருப்பிடங்களைக் கணித்து வெளியிடும் மைனர் பிளானட் சென்டரின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் பிற்பகுதி முதல் மே தொடக்கம் வரை என்று நாட்களை ஒதுக்கி வையுங்கள். பௌர்ணமியை ஒட்டிய பத்து நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த நிலவொளி ஹெக்டரை முழுவதுமாக மறைத்துவிடும்.

இடத்துக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் இருட்டு உண்டு என்றாலும், வனத்துறை அனுமதியும் யானை நடமாட்டமும் நினைத்துப்பார்க்க வேண்டியவை. பிள்ளைகளை நள்ளிரவில் அங்கே அழைத்துச்செல்ல நான் சொல்லமாட்டேன். முட்டம் பாறைகளில் உப்புக்காற்று அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றின் வேகமே தாங்கியை உலுக்கிவிடும். உங்கள் பள்ளி மொட்டைமாடியே போதும். தெருவிளக்கு நேரே படும் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். எட்டாம் பாகை அட்சரேகையில் இருப்பதால் சித்திரை நட்சத்திரம் நள்ளிரவில் உங்களுக்குத் தெற்கே 70 பாகை உயரத்தில் நிற்கும்; தில்லியில் இருப்பவர்களுக்கு 50 பாகைதான். அடிவானத்தின் மூடுபனியும் விசைப்படகுகளின் விளக்கொளியும் அந்த உயரத்துக்கு எட்டாது. ஆடியைப் பாதுகாப்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளி என்பதால், வேலை முடிந்ததும் மூடியிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியில் வையுங்கள். ஈரம் படிந்தால் துணியால் துடைக்காமல் தானே உலரவிடுங்கள். தொடக்க காலத்தில் நான் துடைத்துக் கெடுத்த ஆடியின் அலுமினியப் பூச்சை மீண்டும் இடவேண்டி வந்தது.

வியாழன் ஏன் ஹெக்டரை இழுத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு, இழுக்கத்தான் செய்கிறது, இழுப்பதனால்தான் அது விலகுகிறது என்பதே விடை. வகுப்பில் இதை இப்படி விளக்கலாம். ஹெக்டர் வியாழனுக்கு முன்னே ஓடுகிறது. அது சற்றுப் பின்தங்கி வியாழனை நெருங்கினால், வியாழன் அதைப் பின்னோக்கி இழுக்கும். இழுபட்ட ஹெக்டர் ஆற்றலை இழந்து சூரியனை நோக்கிச் சற்று உள்பாதைக்கு இறங்கும். உள்பாதையில் சுற்றுபவை விரைவாகச் சுற்றும் என்பது கெப்ளரின் விதி. எனவே அது வேகமாக ஓடி வியாழனை விட்டு மீண்டும் விலகிவிடும். மிகவும் முன்னே போய்விட்டால் இதற்கு நேர்மாறாக நடந்து, வெளிப்பாதைக்கு ஏறி, வேகம் குறைந்து பின்னுக்கு வரும். இப்படி ஒருமுறை ஊசலாடித் திரும்ப ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. சூரியன், வியாழன், சிறுகோள் மூன்றும் சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் நின்றபடியே சுற்ற முடியும் என்பதை 1772-இல் கணித அறிஞர் லக்ராஞ்சு கணிதத்தால் காட்டினார். இந்த அமைப்பு குலையாமல் நிலைக்க, சூரியன், வியாழன் என்ற இரண்டில் பெரியதன் நிறை சிறியதன் நிறையைப் போல 25 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சூரியன் வியாழனைவிட 1,047 மடங்கு நிறை கொண்டது. கணிதம் சொன்னதை வானில் மெய்ப்பிக்கும் முதல் சிறுகோளான அக்கிலிஸ், 1906-இல் ஜெர்மன் வானியலாளர் மாக்ஸ் வோல்ஃப் எடுத்த புகைப்படத்தில் அகப்படும் வரை 134 ஆண்டுகள் கடந்தன. ஹெக்டர் பூமியின் பக்கம் வருமோ என்று அஞ்சும் பெற்றோருக்கும் இதே விளக்கம் போதும்.

2027-ஐ நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரமைவு ஆண்டுக்கு ஒரு மாதம் தள்ளிப்போவதால், 2028-இல் அது மே நடுவுக்கும், அடுத்த ஆண்டுகளில் ஜூன், ஜூலைக்கும் போய்விடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் மாவட்டத்தில் வானம் பார்ப்பது எளிதன்று. 2021 அக்டோபரில் நாசா ஏவிய லூசி விண்கலமும் 2027 ஆகஸ்டில் இதே முன்கூட்டத்தைச் சேர்ந்த யூரிபேட்டிஸ் சிறுகோளைச் சென்றடைய இருக்கிறது. ஹெக்டருக்கு மழைக்காலம் வந்த பிறகும் கருவி சும்மா இருக்காது. பின்னே வரும் கூட்டத்தைச் சேர்ந்த பட்ரோக்லஸ், 2028-இல் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த மாதங்களில் எதிரமைவுக்கு வரும். ஹெக்டரைவிட ஏறத்தாழ ஒரு பொலிவெண் மங்கலானது என்றாலும், அதற்குள் மாணவர்களின் கை தேறியிருக்கும்.

தாங்கி வந்து சேரும் வரை, இப்போது உள்ள 8 அங்குலக் கருவியிலேயே வெஸ்டா, சீரிஸ் என்ற பிரகாசமான சிறுகோள்களை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்து, நட்சத்திர வரைபடத்தில் இடம் குறித்துப் பழகட்டும். இரண்டும் அதில் எளிதாகத் தெரிபவை.