கல், மண், நிழல்: நெல்லைச் சீமையிலிருந்து வந்த புவியியல் கேள்விகள்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் புவியின் உள்ளமைப்பு, பாறை, மண், வானிலை, நீரியல் சுழற்சி ஆகியவற்றைப் படித்து முடிக்கிறார்கள். இவை தொடர்பாகத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பொருளைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்ட பிறகே அதன் பெயரைக் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடைகளையும் அந்தப் போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று ஒப்பிக்கிறான். ஆனால் ஒரு கல்லைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறான். என்ன செய்வது? (ஒரு தாயார், அம்பாசமுத்திரம்)

பதில்: அம்மா, முதலில் வகையைக் கேட்காமல், கல்லில் என்னென்ன தெரிகிறது என்று கேளுங்கள். வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியிலிருந்து நாலைந்து துண்டுகள் எடுத்துக்கொண்டால் போதும். கல்குவாரிப் பக்கம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். வெகுநாள் வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்பரப்பு நிறம் மாறியிருக்கும் என்பதால், புதிதாக உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜல்லியில் அந்த முகம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அதைக் கழுவி, வெயிலில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சில்லு போல் தெரிவது குவார்ட்ஸ், அதாவது நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்வது. பால்நிறத்திலோ வெளிர்சிவப்பிலோ தட்டையான முகத்தோடு மின்னுவது பெல்ஸ்பார். ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புத் துணுக்கு காக்காப்பொன். சில கற்களில் மாதுளை நிறத்தில் உருண்டையாகத் தெரிவது கார்னெட்.

அடுத்து அவன் கவனிக்க வேண்டியது, இந்தத் துணுக்குகள் கலந்து சிதறிக் கிடக்கின்றனவா, வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. வரிகள் இருந்தால் அது பெரும்பாலும் நைஸ் என்னும் உருமாறிய பாறை. நெல்லைச் சமவெளியின் அடியில் மிகுதியாக இருப்பது இந்த வகைதான். பொதிகை மலைப்பக்கம் போனால் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்போடு சார்னோக்கைட் கிடைக்கும். பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே மூடியிருந்தவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் போனதால் நம் கண்ணுக்குத் தெரிய வந்த பாறை அது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் எழுதினார். பாறைக்கும் சார்னாக்கின் பெயரே நிலைத்தது. கல்லறைக்குப் போன கல்லோ சென்னைப் பக்கத்துக் கல். கருங்கல் என்றாலே தீப்பாறை என்று எழுதப் பழகிய பிள்ளைகளுக்கு, நம் மாவட்டத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி உருமாறிய பாறை என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு காலத்தில் படிவாக இருந்து, பிறகு வெப்பத்தால் படிகமாக மாறிய கல் அது. ஒரே கல்லில் இரண்டு பாடம் இருக்கிறது. சிறிது பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். வெங்கச்சங்கல்லின் மேல் எவ்வளவு சாறு விட்டாலும் ஒன்றும் நடக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்த பிள்ளை, சுண்ணாம்புக்கல்லில் நுரைக்கும் கனிமமான கால்சைட்டின் பெயரை மறக்க மாட்டான்.

கேள்வி: எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து கரிசல் மண் உண்டானதாகப் படித்தேன். அப்படியானால் எங்கள் பக்கத்தில் எரிமலை இருந்ததா? (எட்டாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி)

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். நீ படித்தது தக்காணப் பீடபூமிக்குப் பொருந்தும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவிய எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாக உறைந்தது. மராட்டியத்துக் கரிசல் மண் அதிலிருந்து வந்தது. அந்தக் குழம்பு கோவில்பட்டி வரை வரவில்லை. உங்கள் கரிசலுக்கு அடியில் கிணறு வெட்டினால் வருவது நைஸ் வகைப் பாறைதான். சுண்ணாம்பும் இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்கள் அந்தப் பாறைகளில் உண்டு. மழை குறைந்த, நீர் எளிதில் வடியாத தாழ்ந்த சமநிலத்தில் அவை சிதையும்போது மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் உண்டாகிறது. அது நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிப்பதும், ஐப்பசியில் அந்த வெடிப்புகள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்வதும் அதனால்தான். மண்ணைத் தோண்டும்போது வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான்கல், மண்ணில் சுண்ணாம்பு இருப்பதற்குச் சான்று. பாறை ஒன்றானாலும் மழையும் நிலத்தின் சாய்வும் மாறினால் மண் மாறும். அதே நைஸ் பாறை நன்றாக நீர் வடியும் மேட்டில் செம்மண்ணாகிறது.

கேள்வி: திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு மணல் ஏன் சிவப்பாக இருக்கிறது? கடற்கரை மணல் வெள்ளையாகத்தானே இருக்கிறது? (ஒரு வாசகர், உடன்குடி)

பதில்: தேரி மணல் காற்று குவித்த மேடுகள். மணலில் உள்ள இரும்புக் கனிமங்கள் நீண்ட காலம் காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒரு கைப்பிடி மணலைத் தண்ணீரில் போட்டு விரல்களால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் சிவக்கும், மணிகள் வெளுக்கத் தொடங்கும். சிவப்பு மேலே இருப்பதே தவிர உள்ளே இல்லை என்பது பிள்ளைகளுக்கு அப்போதே புலப்படும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அதே மணலில் உழப்பிப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மணிகள் இரும்புள்ள கனிமங்கள். பைக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் கனிமம் தனியே உதிரும்.

கேள்வி: பூமிக்குள் யாரும் போனதில்லை. அப்படியிருக்க மேலோடு, கவசம், கருவம் என்று எப்படித் துல்லியமாகச் சொல்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். (ஓர் ஆசிரியர், நாங்குநேரி)

பதில்: இந்தக் கேள்வி வகுப்பில் எழுந்ததே உங்கள் கற்பித்தலுக்குப் பெருமை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய ஆழ்துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். தோண்டிப் பார்த்து அறிவது ஆகாத காரியம். பானை வாங்குகிறவர் அதைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு கீறல் உண்டா என்று கண்டுகொள்வதைப்போல, நிலநடுக்க அலைகளைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிகிறார்கள். அவற்றில் இரண்டாம் நிலை அலைகள் என்று பாடநூல் சொல்பவை திரவத்துக்குள் செல்லமாட்டா. பூமியின் மறுபக்கத்துக் கருவிகளில் அவை பதிவாகாததால், ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே திரவ நிலையில் ஒரு பகுதி இருப்பது தெரிந்தது. அந்தத் திரவத்துக்கும் உள்ளே ஒரு தனிக் கருவம் உண்டு என்பதை 1936இல் இன்கே லேமன் என்ற டென்மார்க்குப் பெண் அறிவியலாளர் அலைப் பதிவுகளிலிருந்து கண்டறிந்தார். பூமியின் அடுக்குகளைக் குறிக்கும் சியால், சிமா, நைஃப் என்னும் சொற்களை மனனம் செய்விக்கும் முன் இதைச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: கோடையில் சூரியன் பூமிக்கு அருகில் வருவதால்தான் வெயில் அதிகம் என்கிறாள் என் மகள். சரியா? (ஒரு தந்தை, பாளையங்கோட்டை)

பதில்: சரியன்று. பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நம் மார்கழிக் குளிரில். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலையில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. இதை உங்கள் மொட்டைமாடியிலேயே காட்டலாம். ஒரு மீட்டர் நீளக் கம்பைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். நம் ஊர் இந்திய நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் அந்த நேரம் பன்னிரண்டு மணி அல்ல; ஏப்ரலிலும் ஆகஸ்டு இறுதியிலும் 12 மணி 20 நிமிட அளவில் வரும். டிசம்பர் 21ஐ ஒட்டி நிழல் வடக்கே சுமார் 63 சென்டிமீட்டர் நீளும். ஏப்ரல் 12, 13 தேதிகளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் கம்பின் காலடியிலேயே அடங்கிவிடும். அதன்பிறகு நிழல் தெற்கே சாயத் தொடங்கி, ஜூன் 21இல் சுமார் 26 சென்டிமீட்டர் ஆகும். ஆகஸ்டு 30, 31ஐ ஒட்டி மீண்டும் காலடிக்கு வரும். டெல்லியில் இருக்கும் பிள்ளைக்கு நண்பகல் நிழல் தெற்கே சாய்வதைக் காண ஒருநாளும் வாய்க்காது. நம் பிள்ளைகளுக்கு ஆண்டில் நான்கரை மாதம் வாய்க்கிறது. ஒரு நாள் அளந்துவிட்டு நிறுத்திவிடாமல், மாதம் ஒருமுறையாவது அளந்து தேதியோடு குறித்துவைக்கச் செய்யுங்கள்.

கேள்வி: கொற்கை துறைமுகமாக இருந்தது என்கிறார்கள். இன்று அங்கே கடலே இல்லையே? (ஒரு வாசகர், ஏரல்)

பதில்: தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தில் படிந்து படிந்து கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. பாபநாசத்தில் உருண்டைப் பாறைகளாகக் கிடப்பது ஸ்ரீவைகுண்டத்தில் மணலாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆற்றின் வேகம் குறையக் குறைய முதலில் பெரியவற்றையும் கடைசியில் நுண்ணியவற்றையும் அது போட்டுவிட்டுப் போகிறது.

கேள்வி: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? மழையை நீளத்தில் அளப்பது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. (ஓர் ஆசிரியை, காயல்பட்டினம்)

பதில்: ஒரு சதுர மீட்டர் தரையில் விழுந்த நீர் எங்கும் ஓடாமல், உறிஞ்சப்படாமல் நின்றால் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர் என்பது பொருள், அளவில் அது சரியாக ஒரு லிட்டர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் உங்கள் ஊரில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 950 லிட்டர். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள மொட்டைமாடியில் 95,000 லிட்டர். அந்த நாளை நேரில் கண்ட பிள்ளைகளிடம் இந்தப் பெருக்கலை அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் மழைமானி செய்ய, வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள நேரான பாத்திரம் வேண்டும். கழுத்து குறுகிய பாட்டிலில் அளவு தவறும். கட்டடத்துக்கும் மரத்துக்கும் எட்ட, திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது என்பதால் உங்கள் அளவை அவர்களுடைய அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.