லாயியேயில் அம்மாவுக்குச் சைவ விருந்து கிடைக்குமா?

ஹவாயில் வைகீக்கியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை லாயியே ஊரிலுள்ள பாலினேசியப் பண்பாட்டு மையம் போகலாமா, சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு அங்கே தரும் லுவாவ் என்ற ஹவாய்ப் பாரம்பரிய விருந்து ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் நாளை மாற்றுங்கள். மார்மன் என்ற கிறிஸ்தவத் திருச்சபை 1963இல் தொடங்கிய இடம் அது. ஞாயிறு மூடியிருக்கும், மதுவும் கிடையாது.

விருந்தின் நாயகன் பன்றிதான். சூடான கற்கள் போட்ட மண்குழியில் வாழைத்தண்டும் இலையும் மூடி வேகவைப்பார்கள். அம்மாவுக்கு 'போய்' கிடைக்கும்: நம்ம சேப்பங்கிழங்கு வகையை அவித்து இடித்த ஊதா நிறக் கூழ். உப்பு, காரம் எதுவும் இருக்காது, லேசாகப் புளிக்கும். எல்லாருக்கும் பிடிக்காது. ஹௌபியா என்ற தேங்காய்ப்பால் இனிப்பு கண்டிப்பாகப் பிடிக்கும். இவற்றை நம்பி மட்டும் லுவாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். முன்பதிவிலேயே சைவம் என்று சொல்லி, என்ன தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். திருப்தியில்லையா, விருந்து சேராத சீட்டு எடுங்கள்.

மையத்தில் பசிபிக் தீவுகளின் வாழ்க்கையைக் காட்டும் கிராமங்கள் ஆறு. நேரம் போதாவிட்டால் சமோவாவை மட்டும் விடாதீர்கள். குச்சியைத் தேய்த்துத் தீ மூட்டுவதும், தேங்காய் உரிப்பதும், கூடவே அங்கே செய்து காட்டுபவர்கள் அடிக்கும் நக்கலும் அம்மாவுக்கு நல்ல பொழுதுபோக்கு. மையத்தின் இரவுக் கலைக் காட்சி முடிந்து வைகீக்கி திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருட்டில் கார் ஓட்டுவதைவிடப் பேருந்தோடு சேர்ந்த சீட்டே நல்லது.