சத்தம் நின்றது, வாயும் நின்றது

கேள்வி: வயது 38. பீடி சுற்றுகிறேன். ஒரு வருஷமாக வாயைத் திறந்தால் வலது காதோரம் ‘டக்’கென்று சத்தம் வரும். மூன்று மாதத்துக்கு முன் சத்தம் தானாக நின்றது. அன்றிலிருந்து வாயில் இரண்டு விரல்தான் நுழைகிறது. கொட்டாவி விட்டால் உயிர் போகிறது. காதும் அடைத்த மாதிரி இருக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டுகிறேன். ஆபரேஷன் செய்தால் முகம் கோணிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மையா? வேலையில் தூக்கம் சொக்காமலிருக்கப் பாக்கு மெல்லுவேன். இப்போது ரசம்கூட எரிகிறது.
– வாசகி, முக்கூடல்

பதில்: ஆபரேஷன் பயத்தை விடுங்கள் அம்மா. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படுவதே இல்லை. வீடியோ போட்டவர் உங்கள் வாயைப் பார்த்தாரா என்ன?

சத்தம் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அதுதான் துப்பு. தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே சின்ன மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு. அது முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்புகிற சத்தம்தான் ‘டக்’. திரும்பாமல் முன்னாலேயே சிக்கிக்கொண்டால் சத்தமும் போகும், வாயும் பாதியில் நிற்கும். கண்ணாடி முன் மெதுவாகத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை வலது பக்கம் ஒதுங்கினால் அநேகமாக இதுதான். மூட்டு காதை ஒட்டி இருப்பதால்தான் அந்த அடைப்பு. காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

சுளகை மடியில் வைத்துக் குனிந்து, நூல் கட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் கடிக்கிறீர்களா என்று ஒரு நாள் கவனியுங்கள். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒட்டக்கூடாது. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேலையே இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் காதோரம் கால் மணி நேரம் வையுங்கள். அப்புறம் நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி மெதுவாக ஆறு தடவை திறந்து மூடுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் செய்யலாம். இழுப்பு தெரியலாம், வலி வெட்டக்கூடாது. யாராவது தாடையைப் பிடித்து ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இட்லி, குழைந்த சோறு, சொதி போதும். முறுக்கும் பனங்கிழங்கும் இப்போதைக்கு வேண்டாம். சில வாரத்தில் விடாவிட்டால் இரவில் பல்லில் மாட்டும் தகடு செய்து தருவார்கள். அதற்கும் அசையாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, தாடை மூட்டுக்குள் உப்பு நீர் விட்டுக் கழுவும் முறை இருக்கிறது. அதிலும் கீறுவது கிடையாது.

எனக்குக் கவலை உங்கள் கடைசி இரண்டு வரியில்தான். ரசம் எரிகிறது என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதானே டாக்டர்’ என்பார்கள். வெறும் பாக்கே போதும். பாக்கு புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கு மெல்ல மெல்ல உள்கன்னத்தின் சதை நார்நாராக இறுகும். முதலில் காரம் எரியும், அப்புறம் கன்னம் வெளுக்கும், கடைசியில் வாய் திறக்காது. மூட்டு சிக்கினாலும் வாய் திறக்காது, இதிலும் திறக்காது. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தும் இருக்கலாம். கையைக் கழுவி உள்கன்னத்தைத் தடவுங்கள். மேலிருந்து கீழாகக் கயிறு மாதிரி தட்டுப்படுகிறதா? கன்னத்தை உப்ப வைக்க முடிகிறதா? நாக்கு முழுசாக வெளியே நீளுகிறதா? இறுகிய நார் பழையபடி இளகுவது கஷ்டம். பாக்கை நிறுத்தினால், மேலும் இறுகாமல் பிடித்து நிறுத்த வழி உண்டு. கன்னத்தில் ஊசி, வாய்ப் பயிற்சி என்று அதற்கும் மருத்துவம் இருக்கிறது. பிற்காலத்தில் இது புற்றாக மாறக்கூடியது என்பதால் விடாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள்.

பாக்கைக் குறைக்கிறேன் என்று பேரம் பேசாதீர்கள், இன்றோடு நிறுத்துங்கள். கயிறு தட்டுப்படாவிட்டாலும் இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் காட்டிவிடுங்கள். மூன்று மாதமாகப் போடும் அந்த மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், பேரைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.