வடக்குச் சுவரோரம் என்ன செடி வாங்கலாம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்து வீடு. வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 4 அடி இடம், சுத்தக் களிமண். ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். வெயில் குறைவு. நர்சரியில் இரண்டு தடவை குரோட்டன்ஸ் வாங்கி வைத்தேன், தை பிறப்பதற்குள் அழுகிவிட்டது. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற செடி எது?

பதில்: குரோட்டன்ஸ் மேல் தப்பில்லை. குழி வெட்டி, செம்மண்ணும் எருவும் போட்டு நட்டிருப்பீர்கள். களிமண்ணில் அப்படி வெட்டிய குழி ஓர் அண்டா மாதிரிதான். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லை, வேர் காற்றில்லாமல் அழுகும். இந்தத் தடவை குழி வேண்டாம். முக்கால் அடி உயரத்துக்கு வரப்பு மாதிரி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் மண் ஏற்றாதீர்கள், ஓதம் ஏறும்.

இன்னொன்று: வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நினைக்காதீர்கள். சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்து அங்கேதான் விழும். அதனால் ஈரம், நிழல், வெயில் மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற செடி வேண்டும். என் முதல் தேர்வு ஸ்பைடர் லில்லி. தண்ணீர் நின்றாலும் கவலைப்படாது, வெள்ளைப் பூவும் வரும். கிழங்கு விஷம், குழந்தைகள் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டின் மேல் நந்தியாவட்டையும் ஆடாதோடையும் வைக்கலாம். ஆடாதோடையை ஆடு கடிக்காது, பேரே அதுதானே! சன்ஷேடுக்குக் கீழே மழை படாத காய்ந்த இடத்துக்கு மருள் (ஸ்நேக் பிளான்ட்). ஆனால் அதை ஈரத்தில் வைத்தால் போச்சு.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காதீர்கள். கவரை லேசாகச் சாய்த்து அடி ஓட்டைகளைப் பாருங்கள். வெளிறிய வேர் தெரிந்தால் சரி. கறுத்து, கொழகொழவென்று நாறினால் வைத்துவிட்டு வாருங்கள். வேர் கவருக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிக் கிடக்கிற பெரிய செடியைவிட, பாதி விலைக்குக் கிடைக்கும் முழ உயரச் செடி நம் மண்ணில் சீக்கிரம் பிடிக்கும்.

நந்தியாவட்டைக்கும் ஆடாதோடைக்கும் காசே வேண்டாம். பக்கத்து வீட்டில் பென்சில் கனத்தில் ஒரு போத்து ஒடித்து ஊன்றினால் வரும். இப்போது அவசரப்படாமல், இந்த ஐப்பசியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு வையுங்கள். மேட்டை அதற்கு மேலே வருகிற மாதிரி கட்டி, தையில் நடுங்கள்.