குருகின் கால்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் சிறுகதையைப் படித்த நண்பர்கள், உருவகம் அதிகம், எதையும் நேராகச் சொல் என்கிறார்கள். ‘அவளுடைய மௌனம் பாலைவனமாக விரிந்தது’ என்ற வரியைக் கேலியே செய்தார்கள். நேராகச் சொல்லிவிட்டால் கதைக்கும் செய்தி அறிக்கைக்கும் என்ன வேறுபாடு?

ச.

அன்புள்ள ச.,

அந்த வரியைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. காரணம்தான் தவறு.

முதலில் உங்கள் கேள்வி. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஆம் பாடல் ஐந்தே அடிகள். அன்றைய வெண்ணிலவில் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய வெண்ணிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான். ஓர் உவமைகூடக் கிடையாது. இதைச் செய்தி அறிக்கை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

அடுத்து, அதே பாரியின் நண்பர் கபிலர் பாடிய குறுந்தொகை 25. இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் என்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தன் நிலையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்பவள், உவமையை எங்கே வைக்கிறாள் தெரியுமா? அங்கே நின்ற குருகு என்னும் நீர்ப்பறவையின் கால்களுக்கு! தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால்கள். அந்த நேரத்தில் அதைக்கூடப் பார்த்திருக்கிறாள் என்பதால்தான் அவளை நம்புகிறோம். ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குருகு வெறும் சாட்சியா, அல்லது அவனேயா? கபிலர் வாய் திறப்பதில்லை. (உரைகாரர்கள் திறப்பார்கள், அது அவர்கள் தொழில்.)

கண் உன்னிப்பாகப் பார்த்த இடத்தில் உவமை தானாக வரும். உங்கள் பாலைவனம் அப்படி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்பது அந்த வரியை எழுதும்போது உங்களுக்கே தெரியாது. அந்த இடத்தை மணலால் நிரப்பிவிட்டீர்கள். கோபமா, சலிப்பா, பயமா? மூன்று மௌனங்களும் ஒன்றல்லவே. உருவகம் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டால் வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

அதற்காகக் கதை முழுவதையும் மொட்டையடிக்க வேண்டாம். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு, அவன் கடைசியாகக் கேட்டது என்ன, அப்போது அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிப் பாருங்கள். நண்பர்களிடம் அதன் பிறகு காட்டலாம்.