கடலுக்குள்ள பார்ட்னர் எதுக்கு? – டைவிங் கேள்வி பதில்

கேள்வி: டைவிங்ல ஆரம்பப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சிட்டேன், அடுத்து அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போறேன். டைவ் மாஸ்டர் கூடவே வர்றார், குரூப்ல நாலு பேர் இருக்கோம். அப்புறம் எதுக்கு தனியா ஒரு பார்ட்னர்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டைவ் மாஸ்டர் முன்னாடி போவார், வழி காட்டுவார், அப்பப்ப திரும்பிப் பார்ப்பார், ஆனா நாலு பேரையும் ஒரே நேரத்துல பார்த்துட்டே இருக்க அவரால முடியாதுங்க. அவர் ஒரு எட்டு மீட்டர் முன்னாடி பவளப்பாறையில ஏதோ ஒரு மீனைக் காட்டிட்டு இருக்கார், நீங்க கடைசி ஆளா வர்றீங்க, திடீர்னு ரெகுலேட்டர்ல, அதாவது வாயில வெச்சு மூச்சு விடுற கருவியில, காத்து வரல. கத்த முடியாது. அதுவும் மூச்சை வெளிய விட்டு முடிச்சு உள்ள இழுக்கும்போதுதான் காத்து இல்லைன்னே தெரியும், அதாவது நுரையீரல் காலியா இருக்கிற நேரத்துல நீங்க அந்த எட்டு மீட்டரை நீந்திப் போய் அவர் கால்ல மாட்டியிருக்கிற துடுப்பைப் பிடிக்கணும். ரொம்ப கஷ்டம். பக்கத்துல ரெண்டு உதை தூரத்துல பார்ட்னர் இருந்தா, கழுத்தை வெட்டுற மாதிரி கையைக் காட்டுவீங்க, அவர் நெஞ்சுல மாட்டியிருக்கிற மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது உபரி ரெகுலேட்டரை, எடுத்து வாயில வெப்பீங்க, ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுட்டு மெதுவா மேல வருவீங்க. பார்ட்னர்னு பேருக்கு ஒருத்தர் இருந்து 10 மீட்டர் தள்ளி நீந்திட்டு இருந்தார்னா அவர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. தூரம்தான் இதுல எல்லாமே.

பாதி வேலை படகுலயே ஆரம்பிச்சிடுது. உங்க முதுகுக்குப் பின்னாடி சிலிண்டர் பட்டை நழுவுதா, வால்வுகிட்ட காத்துக் குமிழி கசியுதான்னு உங்களால பார்க்கவே முடியாது, அடுத்தவர் கண்ணாலதான் தெரியும். இன்னொண்ணு, இதை எல்லாரும் செய்யணும்: ரெகுலேட்டர்ல நாலஞ்சு தடவை நல்லா இழுத்து மூச்சு விடுங்க, அப்ப கண்ணு பிரஷர் கேஜ் மேலயே இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள்ளு கீழ விழுந்து திரும்ப ஏறுச்சுன்னா உங்க சிலிண்டர் வால்வு முழுசா திறக்கல. மேல இருக்கும்போது அது ஒண்ணும் தெரியாது, 15 மீட்டர் போனதும் காத்து பத்தாம தொண்டை இறுகும். சும்மா பார்த்தா கேஜ் 200 பார்னு (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு, 200னா சிலிண்டர் நிறைஞ்சிருக்கு) அழகா காட்டும், அதை நம்பிடாதீங்க.

கேள்வி: என் கணவர் காத்தை சீக்கிரம் தீர்த்துடுவார். அவர் 60 பாருக்கு வரும்போது எனக்கு 110 இருக்கும். அவர் மட்டும் மேல போகட்டும், நான் குரூப்போட இருந்துக்கலாமா? காசு கொடுத்துத்தானே வர்றோம். – வாசகி, சென்னை

பதில்: வருத்தமா இருக்கும், புரியுது, ஆனா வேண்டாம்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே மேல வாங்க. கணக்கு சொல்றேன் பாருங்க. சாதாரண அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர், 200 பார் அடைச்சா 2200 லிட்டர் காத்து. தரையில நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 20 மீட்டர் ஆழத்துல 60 லிட்டர் இழுப்பார், ஏன்னா ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடுது, அங்க மூணு பார். இப்ப 50 பார் மிச்சம்னு வெச்சுக்கங்க, அது 550 லிட்டர். அதுல ரெண்டு பேர் மூச்சு விடணும், பயத்துல ஆளுக்கு 30 லிட்டர்னு இழுக்கிறாங்க, மூணு மடங்கு ஆழக் கணக்கு, ஆக நிமிஷத்துக்கு 180 லிட்டர். மூணு நிமிஷம்தான் வரும். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 20 மீட்டர்ல இருந்து மேல வரவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், பதட்டத்துல தடுமாறுற நேரம் தனி. அதனால உங்க கேஜ்ல இருக்கிற மிச்சம் முழுக்க உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, அதுல அவரோட பங்கும் இருக்கு. யாரோட காத்து முதல்ல குறையுதோ அவங்க கேஜ்தான் ரெண்டு பேருக்கும் டைவ் முடியுற நேரத்தைச் சொல்லும். மேல வர்ற வழியில உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுறதுக்காக 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கிறதையும் சேர்ந்தே நில்லுங்க.

அவருக்கு நெஞ்சு படபடப்பு குறைஞ்சா காத்தும் தானா மிச்சமாகும். வேகமா நீந்த வேண்டாம்னு சொல்லுங்க, தண்ணியில மூழ்குறதுக்காக இடுப்புல கட்டுற ஈய வெயிட் அதிகமா இருக்கான்னும் பாருங்க, பாதிப் பேருக்கு அதுதான் காரணமா இருக்கு.

கேள்வி: எங்க ஊர்ல அந்தக் காலத்துல முத்துக்குளிச்சவங்க எந்த மெஷினும் இல்லாம ஒத்தையா குதிச்சவங்கதானே, அவங்களுக்கு எந்த பார்ட்னர்? – வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒத்தையா இல்லீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க. மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க கயித்துல கட்டின கல்லுல காலை வெச்சு இறங்கினாங்க, மேல படகுல கயிறு பிடிக்க ஒரு ஆள் கண்டிப்பா இருந்தார், கீழ இருந்து இழுப்பு வந்தா உடனே தூக்கணும். ஒரு கல்லுக்கு ரெண்டு பேர், ஒருத்தர் இறங்க ஒருத்தர் மேல ஓய்வெடுப்பார், மாத்தி மாத்தி. அந்தக் கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பாங்கன்னு நம்ம பக்கம் சொல்றதுண்டு, தன் அக்கா தங்கச்சி தாலிக்காக அவன் கண்ணை எடுக்க மாட்டான்னு. அந்த அளவுக்கு யோசிச்சுத்தான் கயிறு பிடிக்கிற ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. சிலிண்டர் வந்ததும் நமக்கு அந்த அக்கறை குறைஞ்சு போச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

கேள்வி: கீழ பார்ட்னரைக் காணோம்னா என்ன பண்றது? தேடிட்டே இருக்கணுமா? – வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஒரு நிமிஷம், அவ்வளவுதான். நின்ன இடத்துல ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, மேலயும் கீழயும் பாருங்க, குமிழி எங்க எழும்புதுன்னு தேடுங்க. ஒரு நிமிஷத்துல காணலைன்னா வழக்கமான வேகத்துல மெதுவா மேல ஏறுங்க, மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, ஏறும்போது காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும். அவரும் இதையே செய்வார்னு நீங்க நம்பணும், அதுக்கு ரெண்டு பேரும் படகுலயே இதைப் பேசியிருக்கணும். பேசலைன்னா ஒருத்தர் மேல காத்துட்டு இருக்க, இன்னொருத்தர் கீழ காத்தைத் தீர்த்துட்டு தேடிட்டு இருப்பார்.

30 மீட்டர் பக்கம் போறவங்க இன்னொண்ணும் கவனிங்க. அந்த ஆழத்துல நைட்ரஜன் மயக்கம், அதாவது போதை ஏறின மாதிரி புத்தி மந்தமாகுறது, வரலாம், வந்தவருக்கு அது தெரியாது, நல்லாத்தான் இருக்கோம்னு நினைச்சுட்டு இருப்பார். நீங்க ஓகேன்னு விரலை வளைச்சுக் காட்டினா பதில் லேட்டா வருதா, கேஜைக் காட்டச் சொன்னா முழிக்கிறாரா, உடனே கையைப் பிடிச்சு கொஞ்சம் மேல கூட்டிட்டு வாங்க, சில மீட்டர் ஏறினாலே பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

கேள்வி: தனியா டிரிப் போறேன், படகுல முன்னப் பின்ன தெரியாதவரோட ஜோடி போட்டு விடுவாங்க. கூச்சமா இருக்கு, என்ன கேக்கணும்? – வாசகர், பெங்களூரு

பதில்: கூச்சப்படாம கேளுங்க. கடைசியா எப்ப டைவ் பண்ணீங்க, எத்தனை பாருக்கு வந்ததும் திரும்பலாம், யார் முன்னாடி போறது, நான் உங்களுக்கு எந்தப் பக்கம் வரணும். அவர் ஆக்டோபஸ் எங்க மாட்டியிருக்கு, வெயிட் பெல்ட் எந்தப் பக்கம் அவிழும்னு கையால தொட்டுப் பார்த்துக்கங்க. கை சைகையும் ஒரு தடவை சரிபாருங்க, நம்மாளுங்க சூப்பர்னு சொல்ல கட்டை விரலைத் தூக்கிடுவாங்க, டைவிங்ல அதுக்கு மேல போகலாம்னு அர்த்தம். தனியா டைவ் பண்றதுக்குன்னே கோர்ஸ் இருக்கு, ஆனா அதுல சேரவே 100 டைவ் அனுபவம் கேப்பாங்க, கூடவே தனியா ஒரு சின்ன சிலிண்டர் வேற சுமக்கணும், புதுசா வந்தவங்களுக்கு அது இல்ல.

பெரிய கேமராவோட வர்றவர்னா, ஃபோட்டோ எடுக்க நிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு லைட் அடிச்சுக் காட்டுங்க, நானும் நிக்கிறேன்னு சொல்லி வெச்சுக்கங்க. அதுக்கெல்லாம் நேரமில்லைன்னு சொன்னார்னா தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே டைவ் மாஸ்டர்கிட்ட போய் வேற ஆள் போடச் சொல்லுங்க.